நூறாவது நாள் (திரைப்படம்)

நூறாவது நாள், மணிவண்ணன் இயக்கத்தில் 1984-ல் வெளிவந்த தமிழ்த் திகில் படம். விஜயகாந்த், மோகன், நளினி, சத்யராஜ் நடித்தனர், இசை இளையராஜா. குறைந்த செலவில் எடுத்த படம் இது. படப்பிடிப்பு 12 நாளில் முடிந்தது என்றும், பின்னணி இசைக்கு அரை நாளே ஆனது என்றும் திரையுலகில் இன்றும் சொல்வார்கள். படம் பெரும் வெற்றி பெற்றது. ஸ்லாஷர் என்று இன்று அழைக்கப்படும் தொடர்கொலைத் திகில் வகைக்குத் தமிழில் ஒரே ஒரு படத்தைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்.

நளினி ஏற்ற தேவி என்ற பெண்ணுக்கு, நடக்கப்போகும் கொலைகள் கண்முன் காட்சியாகத் தோன்றி மறையும். அப்படி அவள் முன்கூட்டியே கண்டது தன் அக்காவின் சாவை. சில காலம் கழித்து அவளுக்குத் திருமணமாகிறது. கணவனின் பழைய பங்களாவுக்குக் குடிபோகிறாள். அந்த வீட்டுச் சுவருக்குள் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. கதைக்கரு, இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் 1977-ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து வந்தது. ஆனால் அங்கே சுவருக்குள் கிடந்தவள் கதாநாயகிக்கு உறவில்லாத ஒருத்தி. இங்கே கூடப் பிறந்தவள். படம் தமிழ்ப் படமாக ஆனது இந்த ஒரு மாற்றத்தால்தான் என்று துணிந்து சொல்லலாம். அக்காவைக் கொன்றவன் யாரென்று தேடும் தங்கை, அவனோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கணவனாக மோகனைப் போட்டது மணிவண்ணனின் பெரிய துணிச்சல். பயணங்கள் முடிவதில்லை (1982) படத்துக்குப் பிறகு மோகன், காதலில் உருகிப் பாடும் நாயகனாகவே மக்கள் மனத்தில் நின்றவர். பல படங்களில் எஸ். என். சுரேந்தர் அவருக்குக் கொடுத்த மென்மையான இரவல் குரலும் அந்தப் பிம்பத்தில் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தால் யாரும் மறுபேச்சின்றிப் பெண் கொடுத்துவிடக்கூடிய முகம் அது. ஒப்பனையோ ரத்தமோ செலவழித்து உண்டாக்க முடியாத அச்சத்தை அந்த முகம் செலவில்லாமல் கொடுத்துவிடுகிறது.

சந்தேகம் அவர்மேல் விழாமலிருக்க, படம் சத்யராஜைக் காட்டிக்கொண்டே இருக்கும்: மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, அதிகம் பேசாத உருவம். அதுவரை சிறு அடியாள் வேடங்களில் வந்துபோன அவரை ஊருக்கு அடையாளம் காட்டிய படங்களில் இது முக்கியமானது. அமெரிக்காவில் ஜான் கார்ப்பென்டர் ஹாலோவீன் (1978) எடுத்தபோது, கடையில் மலிவாக வாங்கிய ரப்பர் முகமூடி ஒன்றுக்கு வெள்ளையடித்துக் கொலைகாரனுக்கு மாட்டினார். அந்த வெறுமையே உலகைப் பயமுறுத்தியது. மணிவண்ணனுக்கு முகமூடிகூடத் தேவைப்படவில்லை, ஒரு நாவிதர் போதுமாயிருந்தது.

தமிழில் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஏ. சி. திருலோகசந்தரின் அதே கண்கள் (1967) ஒரு குடும்பத்துக்குள் முகமூடிக் கொலையாளியை உலவவிட்டது. பாலுமகேந்திராவின் மூடுபனி (1980) கொலைகாரனின் மனநோயைப் பேசியது. இவற்றுள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது பாரதிராஜாவின் சிகப்பு ரோஜாக்கள் (1978). கலைத்திறனில் அது பல படி மேலே நிற்கும் படம். ஆனால் அதில் நாம் பெரும்பாலும் கமல்ஹாசனின் பாத்திரத்தோடுதான் நடக்கிறோம். பெண்கள் தவறானவர்கள் என்ற அவனுடைய வெறுப்புக்கு ஒரு முன்கதையும் நியாயமும் தேடித் தரப்படுகின்றன. நூறாவது நாள் நம்மைக் கொல்லப்படப்போகிறவள் பக்கத்தில் உட்கார வைக்கிறது. அவளுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். அவள் சொல்வதை மற்றவர்கள் பிரமை என்று ஒதுக்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது. இந்தப் படத்தின் விடாத ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது. கண்முன் தோன்றியதைச் சொன்ன மனைவிக்கு வீட்டில் கிடைக்கும் பதில், பேய்க் கதையில் மட்டும் கிடைக்கும் பதில் இல்லை.

எண்பதுகளில் சென்னையை உலுக்கிய கொலை வழக்கு ஒன்றில் குற்றவாளி இப்படத்தைத் தூண்டுதலாகச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அதனால் படத்தின் பெயருக்கு நெடுநாள் ஒரு கறை ஒட்டியிருந்தது. அதே படத்தைப் பார்த்த லட்சக்கணக்கானோர் பயந்து வீடு திரும்பினார்கள், அவ்வளவுதான். பழியைத் திரைமேல் போடுவது எளிது என்பதால் அது உண்மையாகிவிடாது.

அதே ஆண்டில் மணிவண்ணன் மோகன், நளினி, சத்யராஜ் மூவரையும் வைத்து 24 மணி நேரம் எடுத்தார். நூறாவது நாள் 1991-ல் பார்த்தோ கோஷ் இயக்கத்தில் மாதுரி தீட்சித், ஜாக்கி ஷெராஃப் நடித்து 100 டேஸ் என்று இந்தியில் மறுவடிவம் பெற்றது. தமிழ்ப் படத்தின் குறை அதன் முடிவில் உள்ளது: எல்லாவற்றையும் முதலில் கண்டுகொண்ட தேவி, கடைசியில் விஜயகாந்த் வந்து மீட்கும்வரை காத்திருக்க வேண்டியவளாகிவிடுகிறாள்.