கீரை வெந்த நீரைக் கொட்டாத சமையல்: அமெரிக்கத் தென்மாநிலக் கீரையும் மிளகாய் வினிகரும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கீரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது காலர்ட். முட்டைக்கோசின் உறவுக்காரச் செடி. ஆனால் உருண்டையாகச் சுருளாமல் அகன்ற, தடித்த இலைகளாக வளரும். சவுத் கரோலைனா 2011ல் இதைத் தனது மாநிலக் காய்கறியாக அறிவித்தது.

காலர்ட் கிடைக்காவிட்டால், நம் ஈரச்சந்தைகளில் விற்கும் கைலான் நல்ல மாற்று. இரண்டும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை.

கீரையைவிட மேலான நீர்

இச்சமையலின் உயிர், கீரை வெந்த நீர். அதை ‘பாட் லிக்கர்’ என்பர். அடிமை முறை நிலவிய காலத்தில் தோட்ட முதலாளிகள் கீரையை உண்டுவிட்டு, மிஞ்சிய நீரை அடிமைகளுக்கு விட்டார்கள் என்று தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. இலையின் தாதுக்களும் நீரில் கரையும் சத்துகளும் பெருமளவு அந்த நீரில்தான் இறங்கியிருந்தன. கழிவென ஒதுக்கப்பட்டது, உழைத்தவர்களின் உடலைத் தாங்கியது. கீரைத் தண்ணீரைக் கொட்டாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும்.

பின்னாளில் அந்த நீரே பெருமைக்குரிய உணவாயிற்று. சோள ரொட்டியை அதில் தோய்த்து உண்பதா, பிய்த்துப் போட்டு உண்பதா என்று 1931ல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டா நாளிதழ் ஒன்றும் விவாதமே நடத்தின.

மிளகாய் வினிகர்

இதை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். 20 சிலி பாடி மிளகாய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் சிறு கீறல் போடவும். கொதிநீரில் சுத்தம் செய்து உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் அவற்றை இடவும். 5 விழுக்காடு அமிலத்தன்மை உள்ள 250 மில்லிலிட்டர் வெள்ளை வினிகரை அரைத் தேக்கரண்டி உப்புடன் சூடாக்கி, மிளகாய்கள் மூழ்கும்படி ஊற்றவும். ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். ஒரு வாரத்தில் காரம் நன்கு இறங்கிவிடும்.

கீரை சமைக்கும் முறை

1. ஒரு கிலோ கீரையை மண் போக மூன்று முறை அலசவும். காலர்டின் தடித்த நடுத்தண்டை நீக்கி, இலைகளைச் சுருட்டி விரலகல நாடாக்களாக நறுக்கவும்.

2. ஒன்றரை லிட்டர் நீரில் நறுக்கிய வெங்காயம், 4 பல் பூண்டு, புகையூட்டிய இறைச்சித் துண்டு ஆகியவற்றைப் போட்டு ஒரு மணி நேரம் மிதமான தீயில் கொதிக்கவிடவும். பன்றியிறைச்சியே மரபு, இன்று பலர் வான்கோழியைச் சேர்க்கின்றனர். சைவர்கள் இறைச்சிக்குப் பதிலாக எண்ணெய்யில் சிவக்க வதக்கிய வெங்காயமும் புகையூட்டிய மிளகாய்த்தூளும் சேர்க்கலாம். அதற்கு 10 நிமிடக் கொதி போதும்.

3. கீரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மூடவும். காலர்ட் குழைய 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். கைலானுக்கு 20 நிமிடம் போதும்.

4. உப்பைக் கடைசியில் சேர்க்கவும். புகையூட்டிய இறைச்சியிலேயே உப்பு இருக்கும்.

கிண்ணத்தில் நீரோடு பரிமாறி, மிளகாய் வினிகரை அவரவர் விருப்பம்போல் தெளித்துக்கொள்ளலாம். அதன் புளிப்பு, கீரையின் கசப்பையும் இறைச்சியின் கொழுப்பையும் மட்டுப்படுத்தும்.

தென்மாநிலங்களில் புத்தாண்டன்று இக்கீரையுடன் காராமணியும் சோள ரொட்டியும் இடம்பெறும். பச்சை இலை பண நோட்டையும், பயறு நாணயத்தையும், ரொட்டி தங்கத்தையும் குறிப்பதாக நம்பிக்கை. சோள ரொட்டி இல்லாவிட்டால் சுடுசோற்றில் ஊற்றியும் உண்ணலாம்; மறுநாள் சூடாக்கினால் ருசி கூடும்.