ஆபத்துக் காலத்தில் இணையச் சேவையாளர் தொடர்பு

இணையச் சேவை வழங்கும் நிறுவனங்கள் தம்முள் எவ்வளவு போட்டியிட்டாலும், ஒன்றின் வலையமைப்பில் தோன்றும் பழுது மற்றொன்றின் வாடிக்கையாளரையும் தொடாமல் விடுவதில்லை. ஆதலால் கேபிள் அறுபடுதல், புயல், வெள்ளம், தீய நிரல்களின் பரவல், தவறான வழி அறிவிப்பு முதலிய ஆபத்துகள் நேரும்போதும், நேரக்கூடும் என்ற அறிகுறி தென்படும்போதும், இன்ன நிறுவனத்தில் இன்னாரை இன்ன வழியாக உடனே பிடிக்கலாம் என்னும் விவரத்தை அவை முன்கூட்டியே பரிமாறி வைத்துக்கொண்டு கூடிச் செயலாற்றுகின்றன. இந்த ஏற்பாடே ஆபத்துக் காலத் தொடர்பு எனப்படும்.

இதன் அவசியம் இணையத்தின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. தபால் இலாகாவுக்கும் ரயில்வேக்கும் இருப்பதுபோல் இணையத்துக்குத் தலைமை அதிகாரி எவரும் இல்லை. 70,000-க்கு மேற்பட்ட தன்னாட்சி வலையமைப்புகள், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணைப் பெற்று, எந்தெந்த முகவரிகள் தன் வழியே கிட்டும் என்பதை அண்டை வலையமைப்புகளுக்கு அறிவித்து, அவை சொல்வதைப் பெரும்பாலும் அப்படியே நம்பி அப்பாலுள்ளவற்றுக்கும் சொல்லி வருவதனால்தான் உலகம் முழுவதும் ஒரே வலையாகத் தோன்றுகிறது. திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலில் ஒரு வீட்டுக்கு வரும் இணைப்பை எடுத்துக்கொள்வோம். மின்கம்பங்களில் கண்ணாடி இழைக் கேபிளைக் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுபோகிறவர் உள்ளூர்க் கேபிள்காரர்; அவருக்கு மொத்தமாகப் பேண்ட்வித் விற்பது, கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சாதனம் நிறுவியிருக்கும் ஒரு பெரிய நிறுவனம்; அந்நிறுவனமோ சென்னையில் மற்ற நிறுவனங்களோடு கலந்து, அங்கே கரையேறும் கடலடிக் கேபிள்களின் வாயிலாகச் சிங்கப்பூரையும் அதற்கு அப்பாலும் எட்டுகிறது. இவற்றில் எந்த இடத்தில் அறுந்தாலும் குடவாசலில் இணையம் நின்றுபோகும். ஆனால் அந்த வீட்டாருக்குத் தெரிந்த தொலைபேசி எண் கேபிள்காரருடையது ஒன்றுதான். கேபிள்காரருக்குத் தெரிந்தது கும்பகோணத்து எண் ஒன்றுதான்.

காவிரிக் கழிமுகத்து விவசாயிகளுக்கு இவ்விஷயத்தை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியம் அதிகம் இராது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிகிற இடத்தில் ஷட்டரைத் தூக்குகிறவர், கீழே உள்ள ரெகுலேட்டரைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கருக்கு முன்னரே செய்தி சொல்லாமற்போனால், மேலே செய்தது சரியே ஆனாலும் கீழே கரை உடையும். இணையத்தில் இச்செய்தியைச் சொல்லவேண்டியவரும் கேட்கவேண்டியவரும் வெவ்வேறு கம்பெனிகளின் சம்பளக்காரர்கள் என்பதே வித்தியாசம்.

ஆபத்துக் காலத் தொடர்பின் சரித்திரம் 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் பரவிய மாரிஸ் புழு என்னும் நிரலிலிருந்து தொடங்குகிறது. அந்நிரல் பல்கலைக்கழகக் கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடக்கியபோது, தொற்றுக்கு அஞ்சிய நிர்வாகிகள் தங்கள் கணினிகளை வலையிலிருந்து துண்டித்துக்கொண்டார்கள். அதனால் பரிகாரத்தைச் சொல்லும் மின்னஞ்சலே போய்ச் சேரவேண்டியவர்களிடம் காலத்தில் சேரவில்லை. இந்த அனுபவத்தின் விளைவாக அதே மாதத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் கணினி அவசர உதவிக் குழு தோன்றியது. பல தேசங்களிலும் எழுந்த இத்தகைய குழுக்களை ஒன்றுசேர்க்கும் ஃபர்ஸ்ட் என்னும் கூட்டமைப்பு 1990-இல் நிறுவப்பட்டது.

ஆபத்துக்குக் காரணம் எப்போதும் துஷ்டத்தனமாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. 2008 பிப்ரவரி 24 அன்று, அரசாங்க உத்தரவின்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் மட்டும் தடுக்க முற்பட்ட பாகிஸ்தான் டெலிகாம், அதன் முகவரிகள் தன்னிடமே உள்ளன என்று வெளியுலகுக்கும் அறிவித்துவிட, ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் அதை வடிகட்டாமல் உலகெங்கும் பரப்ப, சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் பல நாடுகளில் கிட்டாமற்போயிற்று. பரிகாரம் யூடியூபின் கையில் முழுவதும் இல்லை. நடுவிலிருந்த ஹாங்காங் நிறுவனம் அந்த அறிவிப்பை நிறுத்தினால்தான் உபத்திரவம் தீரும் என்ற நிலையில், அந்நிறுவனத்தில் யாரிடம் பேசுவது என்பதே பிரதான கேள்வியாக இருந்தது.

இக்கேள்விக்கு விடை தருவதற்காகப் பல பதிவேடுகள் ஏற்பட்டிருக்கின்றன. முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் பிராந்தியப் பதிவகங்கள், ஒவ்வொரு வலையமைப்புக்கும் பொறுப்பாளர் யார் என்பதை ஹூயிஸ் என்னும் பொதுப் பதிவேட்டில் வைத்திருக்கின்றன. ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்குரிய ஏப்னிக், முறைகேடுகளைக் கவனிக்கும் குழுவின் முகவரி அதில் கட்டாயம் இடம்பெற வேண்டுமென்றும், அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. தனி நபர் வேலையை விட்டுப்போனால் தொடர்பும் போய்விடும் என்பதால், பதவியின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரிகளை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும் மரபு 1997-இல் வகுக்கப்பட்டது. 2004-இல் தோன்றிய பியரிங்டிபி என்னும் பதிவேடு, யார் எந்த ஊரில் யாரோடு இணையத் தயார் என்பதோடு, இரவு பகலாக இயங்கும் கட்டுப்பாட்டு அறைகளின் எண்களையும் தாங்கி நிற்கிறது. பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்னும் நிறுவனம் ஏற்படுத்திய ஐநாக் டிபிஏ தொலைபேசியோ விசேஷமானது. பெயரோ ஊரோ தெரியாவிட்டாலும், தவறு செய்யும் வலையமைப்பின் தன்னாட்சி எண்ணைச் சுழற்றினால் போதும், அதன் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும்படி அது அமைந்திருந்தது. அந்தத் தொலைபேசியும் இணையத்தின் மீதே ஓடியது என்பது அதன் சமத்காரத்துக்கு நடுவே ஒரு குறை.

பதிவேட்டில் எண் இருப்பது வேறு. மறுமுனையில் பேசுகிறவரை நம்பி ஒரு பெரிய வலையமைப்பின் வழியையே மாற்றுவது வேறு. இதற்குச் சிறந்த உதாரணம் எஸ்தோனியா. 2007 ஏப்ரல் இறுதியிலிருந்து அந்நாட்டின் வங்கிகளும் பத்திரிகைகளும் அரசாங்கத் தளங்களும் வெள்ளம்போன்ற பொய்த் தரவுகளால் தாக்கப்பட்டபோது, ஐரோப்பிய வலையமைப்புப் பொறியாளர்களின் ரைப் மாநாடு மே மாதம் 7 முதல் 11 வரை தலைநகர் தாலினிலேயே நடைபெற்றது. உலகின் பெரிய வலையமைப்புகளுக்குப் பரிச்சயமான சிலர் எஸ்தோனியப் பொறியாளர்களுக்கு நேரில் சாட்சி நின்றதனால், அதுவரை அறிமுகமற்ற ஒரு சிறு தேசத்தாரின் வேண்டுகோளைக் கேட்டுத் தாக்கும் தரவுகளை அவற்றின் பிறப்பிடத்திலேயே தடுக்க மற்ற வலையமைப்புகள் முன்வந்தன. தெற்காசியாவில் 2003 முதல் கூடிவரும் சனாக் என்னும் பொறியாளர் மாநாட்டின் உண்மையான பிரயோஜனமும், மேடைச் சொற்பொழிவுகளைக் காட்டிலும், இடைவேளையில் ஏற்படும் இத்தகைய பரிச்சயத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கான ஸ்தாபனங்கள் படிப்படியாக வந்தன. உள்நாட்டுத் தரவு உள்நாட்டிலேயே கைமாறுவதற்காக நிக்சி என்னும் நிறுவனம் 2003-இல் அமைந்தது. அதன் கீழ் 2012-இல் தேசியப் பதிவகமான ஐரின் இயங்கத் தொடங்கியது. சைபர் விபத்துகளைக் கவனிக்கும் செர்ட்-இன் 2004-இல் தோன்றி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவினால் அதிகாரம் பெற்றது. 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த கட்டளைகளின்படி, குறிப்பிட்ட சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், தன்னோடு தொடர்புகொள்ளும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து அவர் விவரத்தைப் புதுப்பித்து வரவும் ஒவ்வொரு சேவையாளரும் கடமைப்பட்டவர். 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகளும் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கவேண்டும் என்கின்றன. இவ்விதிகள் யாவும் கீழிருந்து மேலே அரசாங்கத்துக்குச் செய்தி போகும் வழியை வகுக்கின்றன. பக்கத்திலிருப்பவர் பக்கத்திலிருப்பவரை அழைக்கும் வழியைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசவில்லை. ஆனால் பழுதை நீக்குவது பெரும்பாலும் அந்த அழைப்பே.

கஜா புயலில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த அப்புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பகுதிகள் மிகவும் நாசமாயின. மின்சாரம் நின்றதும் செல்போன் கோபுரங்கள் சில மணி நேரம் பேட்டரியிலும், பிறகு ஜெனரேட்டரிலும் ஓடவேண்டியவை. தென்னையும் மாவும் சாலையை மறித்துக் கிடக்கையில் அந்த ஜெனரேட்டருக்கு டீசல் போவது இணையப் பொறியியலைச் சார்ந்ததன்று, வருவாய்த் துறையையும் நெடுஞ்சாலைத் துறையையும் சார்ந்தது. கம்பத்தோடு கேபிளும் விழுந்துவிட்ட ஊர்களில், மின்வாரியத்தார் புதிய கம்பம் நட்டுக் கம்பி இழுத்தபின்னரே கேபிள்காரர் ஏற முடியும். எந்தத் தெருவில் என்றைக்கு வேலை என்பதை முன்னவர் பின்னவருக்குச் சொன்னால் ஒரு வாரம் மிச்சமாகும். ஆகவே கழிமுகத்தில் தயாரிக்கவேண்டிய ஆபத்துக்காலப் பட்டியலில் வலையமைப்புப் பொறியாளர்களின் பெயர்களைவிட மின்வாரிய உதவிப் பொறியாளர், தாசில்தார், டீசல் பங்க் உரிமையாளர் ஆகியோரின் எண்களே முன்னே வரவேண்டும் என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம்.

பெரிய செல்போன் நிறுவனங்களுக்கிடையே பரஸ்பர உதவி ஓரளவு திட்டமிட்ட வடிவம் பெற்றிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கோபுரம் செயலற்றுப் போனால், அதன் வாடிக்கையாளர் அதே தொலைத்தொடர்பு வட்டத்திலுள்ள மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்த இடங்கொடுக்கும் வட்டத்துக்குள்ளான ரோமிங், 2019-இல் ஒடிசாவைத் தாக்கிய ஃபானி, 2020-இல் வங்காளத்தைத் தாக்கிய ஆம்பன் ஆகிய புயல்களின்போது தொலைத்தொடர்புத் துறையின் ஏற்பாட்டில் நடைமுறைக்கு வந்தது. பள்ளம் தோண்டுவோரால் நேரும் சேதத்தைத் தடுக்க 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்ட கால் பிஃபோர் யு டிக் என்னும் செயலி, மண்வெட்டும் இயந்திரக்காரரையும் நிலத்தடிக் கேபிளின் சொந்தக்காரரையும் வேலைக்கு முன்பே பேசவைக்கிறது. வருஷந்தோறும் சுமார் 10 லட்சம் இடங்களில் கேபிள் வெட்டுப்படுவதாகவும், நஷ்டம் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்றும் அரசாங்கமே அப்போது கூறியதைக் கொண்டு பார்த்தால், இந்நாட்டில் மிகச் சாதாரணமான வலையமைப்பு ஆபத்து சைபர் தாக்குதலன்று, ஜேசிபி என்பது விளங்கும்.

இனி, தொடர்பு வைத்திருந்தும் அது பயன்படாமற்போகும் சந்தர்ப்பங்களைக் கூறவேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் வழி அறிவிப்புகளைத் தானே தவறுதலாக விலக்கிக்கொண்டு சுமார் ஆறு மணி நேரம் மறைந்தபோது, ஊழியர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கருவிகளும் அதே வலையமைப்பில் இருந்தமையால் அவையும் கூடவே மறைந்தன. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் சேவை நாடு முழுவதும் நின்றபோது, பழுதுபார்க்கவேண்டிய ஊழியர்களே ராஜர்ஸ் சிம்களை வைத்திருந்ததனால், பிற நிறுவனங்களின் சிம்கள் கிடைக்கும்வரை ஒருவரையொருவர் அழைக்க முடியாமல் திண்டாடினர். கனடா அரசாங்கத்தின் வற்புறுத்தலின் பேரில், அவசர ரோமிங், பரஸ்பர உதவி, பொதுமக்களுக்கு அறிவிக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி அந்நாட்டு நிறுவனங்கள் அதே ஆண்டு செப்டம்பரில் உடன்படிக்கை செய்துகொண்டன.

பகிர்வதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிரியின் கையிலும் சிக்கக்கூடிய விவரமாதலால், செய்தி யார் வரையில் செல்லலாம் என்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் குறிக்கும் வழக்கம் இத்துறையில் நிலைபெற்றிருக்கிறது; சிவப்பு என்றால் கேட்டவரோடு நின்றுவிட வேண்டும். சொந்தக் கைபேசி எண்கள் மூடிய குழுக்களுக்குள் மட்டுமே புழங்குவதும், பொதுப் பதிவேட்டில் பதவிப் பெயர் மட்டும் இருப்பதும் இதனாலேயே.

குடவாசல், நன்னிலம், வலங்கைமான் முதலிய ஊர்களிலுள்ள சிறு சேவையாளர் பலருக்கு முழுநேரக் கட்டுப்பாட்டு அறை வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. அவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, தங்களுக்கு மேலுள்ள நிறுவனத்தின் இரவு நேர எண், அண்டை ஊர்க் கேபிள்காரரின் எண், மின்வாரிய எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி, ஒருமுறை அழைத்துச் சோதித்து, வேறொரு நிறுவனத்தின் சிம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநில அறையின் எண் 1070.