புள்ளலூர் ராக்கெட்!

வேலப்பன்சாவடி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா? அடுத்த முறை ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, பெங்களூரு சாலை போகும் மேற்குத் திசையைக் கொஞ்சம் பாருங்கள். அந்தப் பக்கம், காஞ்சிபுரத்துக்கு அருகே, புள்ளலூர் என்றொரு கிராமம். ராக்கெட்டின் கதையில் அதற்கும் ஓர் இடம் உண்டு!

1780, செப்டம்பர் 10. கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் மகன் திப்புவும் அங்கே வளைத்துக்கொண்டார்கள். பீரங்கிக் குண்டுகளோடு சீறி வந்தன மைசூர் ராக்கெட்டுகள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, ஆட்டம் முடிந்தது. பெய்லி கைதி!

அப்படி என்ன விசேஷம்? இரும்புக் குழாய்! ஐரோப்பாவில் காகித அட்டைக் குழாய்தான் வழக்கம். மருந்தைக் கெட்டித்தால் கிழிந்துவிடும். இரும்பு தாங்கும். அதனால் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வரைகூடப் பாயும்.

1799-ல் திப்பு வீழ்ந்தார். வெள்ளைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? கிடைத்த ராக்கெட்டுகளைப் பத்திரமாகக் கப்பலேற்றினான். இங்கிலாந்தில் வில்லியம் காங்க்ரீவ் அந்த வித்தையைச் சோதித்து, திருத்தி, எழுதியும் வைத்தார். 1807-ல் கோபன்ஹேகன் மீது பாய்ந்தன, காங்க்ரீவ் ராக்கெட்டுகள்.

1963. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு. நாஸாவில் பயிற்சிக்குப் போன ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர், வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ராக்கெட் விடும் திப்புவின் வீரர்கள்! பார்த்தவர், அப்துல் கலாம். அதே ஆண்டு நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி!

செய்யத் தெரிந்தவர்கள் நாம். எழுதி வைத்தவர்கள் அவர்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்கு நாம் கொடுத்த விலை, 164 வருஷம்.