மருந்துப் போத்தலுக்குள் ஒரு தீவு

பெரியம்மாவின் பிறிஜ் கதவில், முட்டைத் தட்டுக்குக் கீழே, இரண்டு சின்னப் போத்தல்கள் எப்போதும் நிற்கும். அவவுக்குச் சீனி வருத்தம் வந்து கனகாலம். ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டா:

"தம்பி, இன்சுலின் எண்டால் என்ன? அது ஊரின்ர பேரோ, ஆளின்ர பேரோ?"

"தீவு எண்டு கருத்து, பெரியம்மா."

"எந்தத் தீவு? சோபர் தீவோ?"

திருகோணமலைக்காரர் அப்படித்தான் கேட்பார்கள். துறைமுகத்துக்குள்ளேயே பெரிய சோபர் தீவும் சின்னச் சோபர் தீவும் கிடக்கின்றன. வடக்கே போனால் நிலாவெளிக் கரைக்கு எதிரே புறாத்தீவு. அதுவும் பெரிதும் சிறிதுமாக இரண்டு. 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். தீவு என்றதும் எங்களுக்கு வள்ளம் ஏறிப் போகும் ஓர் இடம்தான் கண்ணில் நிற்கும். இன்சுலினுக்குப் பெயர் தந்த தீவுக்கோ வள்ளமும் இல்லை, துறையும் இல்லை. அது வயிற்றுக்குள் இருக்கிறது.

லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை நாங்கள் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரத்தில் படித்திருக்கிறோம்: 'பெனின்சுலா'. 'பேனே' என்றால் 'கிட்டத்தட்ட'. ஆகவே கிட்டத்தட்டத் தீவு. நம்முடைய 'தீபகற்பம்' என்ற வடசொல்லும் அச்சொட்டாக அதையே சொல்கிறது. உள்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் நகரமும் அப்படி ஓர் அரைத்தீவுதான்.

வயிற்றுக்குள் இருக்கும் தீவை முதலில் கண்டவர் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர். 1869இல், தம் 21ஆம் வயதில், பெர்லினில் மருத்துவப் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு கொடுத்தார். முயலின் சதையியை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மற்றக் கலங்களிலிருந்து வேறுபட்டுக் கும்பல் கும்பலாகக் கிடந்த சிறு கலங்கள் அவர் கண்ணில் பட்டன. அவை என்ன வேலை செய்கின்றன என்று அவர் சொல்லவில்லை, பெயரும் வைக்கவில்லை. 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 1893இல், பிரான்சின் லாகெஸ் என்ற ஆய்வாளர் அவற்றுக்கு 'லாங்கர்ஹான்ஸின் இலோ' என்று பெயரிட்டார். பிரெஞ்சில் 'இலோ' என்றால் சிறுதீவு. மற்றச் சதைக் கடலுக்குள் தனித்து நிற்பவை என்று அவர் மனம் உவமை தேடியிருக்க வேண்டும். நல்ல உவமை. ஒரு மனிதரின் சதையிக்குள் இப்படிச் சுமார் பத்து இலட்சம் தீவுகள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த உறுப்பின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

'சதையி' என்று எழுதும்போதே தமிழ்நாட்டு நண்பர்கள் புருவம் உயர்த்துவது தெரிகிறது. அவர்களுக்கு அது கணையம். ஆங்கிலம் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல் 'பான்கிரியாஸ்': 'பான்' என்றால் முழுவதும், 'கிரியாஸ்' என்றால் சதை. எலும்பில்லாத முழுச் சதை. எங்கள் பாடநூல்காரர் அந்தச் சதையைத் தூக்கி அப்படியே தமிழில் வைத்துவிட்டார்கள். 'கணையம்' வேறு வழியாக வந்தது. பழந்தமிழில் அது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரம். வயிற்றுக்குள் குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. இரண்டில் எது அழகு என்றால் நான் கணையத்துக்குத்தான் கை தூக்குவேன்.

தீவு விஷயத்தில் மட்டும் என் வாக்கு மாறும். தமிழ்நாட்டுப் பாடநூல் 'லாங்கர்ஹான் திட்டுகள்' என்கிறது. எங்களவர் 'சிறுதீவுகள்' என்று படித்தோம். திட்டு என்றால் கடலோர ஆளுக்கு மண்மேடு. வற்றுக்குத் தலைகாட்டி, பெருக்குக்கு மூழ்கிப்போவது. அதைவிட முக்கியம், திட்டு என்று சொன்னவுடன் இன்சுலின் என்ற சொல்லோடு உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. தீவிலிருந்து வந்ததால்தான் அது இன்சுலின். திட்டிலிருந்து வந்தது ஏன் இன்சுலின் ஆனது என்று பிள்ளை கேட்டால் வாத்தியாரிடம் பதில் இருக்காது.

இந்த இடத்தில் சொல்லாராய்ச்சிக்காரனுக்கு ஒரு சோதனை வரும். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், இந்த ஜெர்மன்காரரின் பெயருக்கு முன்னும் ஓர் இகரத்தைப் போட்டு 'இலங்கர்கான்' என்று எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணுக்கு 'இலங்கை' போலவே தெரியும். போதாததற்குத் தெலுங்கில் ஆற்று நடுவில் உள்ள தீவுக்கு 'லங்க' என்றே பெயர். கோதாவரிக் கழிமுகத்தில் அந்தப் பெயரோடு எத்தனையோ ஊர்கள் உண்டு. ஆக இலங்கர்கான் தீவு, இலங்கைத் தீவு! இரண்டு நாள் இந்தச் சந்தோஷத்தில் திரிந்தேன். ஆனால் 'லாங்கர் ஹான்ஸ்' ஜெர்மன் காதுக்கு 'நெட்டை ஹான்ஸ்' என்றுதான் கேட்கும். நம் இலங்கைக்கும் அதற்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரில் 'திரு'வைத் 'திரி' ஆக்கி, மூன்று மூலை உள்ள மலை என்று விளக்கம் சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே கோணமாமலை என்று பாடிவிட்டுப் போயிருக்கிறார். அதில் திரியும் இல்லை, மூன்றும் இல்லை.

இன்னொரு சோதனையும் துறைமுகத்தானுக்கென்றே காத்திருக்கிறது. இன்சுலின் ஓர் ஓமோன். அந்தச் சொல்லை 1905இல் லண்டனில் ஒரு சொற்பொழிவில் அறிமுகப்படுத்தியவர் ஸ்டார்லிங். கிரேக்கத்தில் 'ஹொர்மாவோ' என்றால் தூண்டி எழுப்புகிறேன். அதே கிரேக்கத்தில் 'ஹொர்மோஸ்' என்றால் கப்பல் நங்கூரமிடும் துறை! ஒன்று கிளப்பிவிடுவது, மற்றது நிறுத்திவைப்பது. ஸ்டார்லிங் எடுத்தது முதலாவதை. துறைமுகத்தை இங்கேயும் விட்டுவிட வேண்டியதுதான்.

பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைத்த கதை இன்சுலினுடையது. நாயின் சதையியை வெட்டி எடுத்தால் அதற்கு நீரிழிவு வருகிறது என்று 1889இல் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் காட்டியிருந்தார்கள். அந்தத் தீவுகளிலிருந்து ஏதோ ஒன்று சுரக்கத்தான் வேண்டும் என்று ஊகித்து, பெல்ஜியத்தின் டி மேயர் 1909இல் அதற்கு 'இன்சுலின்' என்று பெயரிட்டார். 1916இல் எடின்பரோவின் ஷார்ப்பி ஷேஃபர் தன் பாட்டுக்கு அதே பெயரை முன்வைத்தார். பொருளை இருவருமே கண்டதில்லை. 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் பொருளைப் பிடித்தபோது, அவர்கள் வைத்த பெயர் 'ஐலெட்டின்'. அதுவும் தீவுதான், ஆனால் ஆங்கிலத் தீவு. பேராசிரியர் மக்லியொட் லத்தீனே மேல் என்றார். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அந்த வருஷம் மே மாதத்தில் இன்சுலின் என்ற பெயர் உலகுக்குச் சொல்லப்பட்டது.

நோயின் பெயர்களுக்குள்ளும் ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. நாங்கள் சொல்லும் 'சீனி', வெள்ளைச் சர்க்கரையைச் சீனத்தோடு சேர்த்துச் சொன்ன வட இந்தியச் சொல். தமிழ்நாட்டில் சர்க்கரை வியாதி என்பதை இங்கே அப்படியே சொன்னால் பொருந்தாது, எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடும் பழுப்புக் கட்டி. பெரியம்மாவின் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சீனன்குடா. எண்ணெய்க் குதங்களும், 1980இலிருந்து கோதுமை மா அரைக்கும் ஆலையும் இருக்கும் இடம். சீனியும் சீனன்குடாவும் ஒரே நாட்டின் பெயரைச் சுமக்கின்றன. அந்த மாவில் சுட்ட 'பாண்' போர்த்துக்கேயச் சொல். 'நீரிழிவு' மட்டும்தான் சொந்தச் சரக்கு: நீர் இழிதல், கீழே ஓடுதல். கிரேக்க 'டயபிட்டிஸ்' என்பதற்கும் ஊடாகப் பாய்வது என்றே பொருள். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே தொல்லையைக் கண்டு ஒரே பெயரை வைத்திருக்கின்றன.

இப்போது போத்தலுக்கு வருவோம். அதன் ஓரத்தில் 'மனித இன்சுலின், மீளச்சேர்த்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முன்பு மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்தும் எடுத்தார்கள். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த, இரண்டு சரமுள்ள மாலை. பன்றியுடையது மனிதருடையதிலிருந்து ஒரே ஒரு மணியில்தான் மாறும், மாட்டுடையது மூன்றில். அந்த மணிகளின் வரிசையை முழுதாகச் சொன்னவர் சாங்கர், 1955இல். எந்தப் புரதத்துக்கும் அப்படி முழு வரிசை தெரிந்தது அதுவே முதல் தடவை. வரிசை தெரிந்தால் அதற்குரிய மரபணுவை எழுதலாம். 1978இல் கலிபோர்னியாவில் இட்டகுராவும் கிரியாவும் எழுதினார்கள். ஆய்வுகூடத்தில், இரசாயனத்தால், துண்டு துண்டாகக் கட்டினார்கள். அதை ஜெனன்டெக் நிறுவனத்து ஆட்கள் ஈ. கோலை பக்டீரியாவுக்குள் செலுத்த, அது இரண்டு சரங்களையும் தனித்தனியாகச் செய்து கொடுத்தது, பிறகு கோத்தார்கள். 1982இல் அமெரிக்கா அந்த மருந்தை விற்க அனுமதித்தது.

அதே சரக்கின் வேறொரு போத்தல் ஆய்வுகூடங்களுக்கும் போகிறது. அங்கே அதை யாருக்கும் ஊசியாகப் போடுவதில்லை. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் கலங்களின் போசணைக் கரைசலில் கலக்கிறார்கள். கலத்தின் மேல் உள்ள 'வாங்கி'யில் இன்சுலின் வந்து ஒட்டினால் உள்ளே செய்தி போகும்: சீனியை எடு, வளர். தமிழ்நாட்டில் வாங்கியை 'ஏற்பி' என்பார்கள். கொடுப்பது இருக்கும்போது வாங்குவது என்ற எங்கள் சொல்தான் இதில் கணக்குச் சரியாக வரும்.

அப்படியானால் போத்தலில் இருப்பது எந்த மனிதரிடமிருந்து வந்தது? யாரிடமிருந்தும் இல்லை. எந்தத் தீவிலிருந்து? எந்தத் தீவிலிருந்தும் இல்லை. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"அப்ப பேர் மட்டுந்தான் தீவு எண்டு சொல்லு" என்றுவிட்டு, பிறிஜைத் திறந்து போத்தல்களை எடுத்தா. லேபிளை மறைத்து அவவே ஒட்டிய பிளாஸ்டர் துண்டுகள் இருந்தன. ஒன்றில் 'காலை', மற்றதில் 'இரவு'.