யார் பெரியவர்? – திரைப்பட ரசிகர் வாதங்களின் வரலாறு

இன்று ‘பட்டிமன்றம்’ என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டி.வி.யில் வருவதுதான் பலருக்கு நினைவு வரும். இதன் பழைய வடிவம் ‘பட்டிமண்டபம்’. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இந்தச் சொல் வருகிறது. இந்திர விழாவின்போது சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி முறைப்படி வாதிடலாம் என்று புகார் நகரத்தில் முரசறைந்து அழைத்தார்கள். பட்டினப்பாலையோ, வாதம் செய்ய வல்ல ஆசிரியர்கள் அதற்கென்று கொடியே கட்டி வைத்திருந்தார்கள் என்கிறது. அதே ஊரில் கள் விற்கும் இடத்திலும் கொடி பறந்தது. வியாபாரியான எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. சரக்கு வைத்திருப்பவன் கொடி கட்டுகிறான், கருத்து வைத்திருப்பவனும் கொடி கட்டுகிறான்!

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கொடி சினிமாக் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்தது. ரசிகர்கள் அடித்துக்கொண்ட வாதங்களை நம் அறிஞர்கள் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிப்பு வாசனை இல்லாதவரும் சபையில் எழுந்து, சான்று காட்டி, எதிராளியை மடக்கிப் பேசிய இடம் அது ஒன்றுதான். அந்த வரலாற்றில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் மும்பைவாசிகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு செய்தி. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ சென்னையில் எடுக்கப்பட்டதல்ல, பம்பாயில் எடுக்கப்பட்டது. ‘ஆலம் ஆரா’ எடுத்த அர்தேஷிர் இரானியின் கம்பெனிதான் இதையும் எடுத்தது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி. 1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். அப்படியானால் இது தமிழ்ப் படமா, தெலுங்குப் படமா? அந்த வாதம் இன்றும் தீரவில்லை. பிறந்த அன்றே வழக்கோடு பிறந்த குழந்தை என்று சொல்லலாம்.

முதல் பெரிய கட்சி பிரிந்தது எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் பி.யு. சின்னப்பாவுக்கும் இடையில்தான். பாகவதர் கட்சிக்குக் குரல் ஒன்றே போதும். சின்னப்பா கட்சியார், ‘எங்கள் ஆளும் பாடுவார், அதோடு சண்டையும் போடுவார், இரட்டை வேடமும் கட்டுவார்’ என்பார்கள். ‘உத்தம புத்திரன்’ (1940) படத்தில் இரட்டை வேடம், ‘மங்கையர்க்கரசி’ (1949) படத்தில் மூன்று வேடம் என்று விரல் விட்டு எண்ணுவார்கள். பாகவதர் கட்சி உடனே துருப்புச் சீட்டை இறக்கும். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

இங்கே வியாபாரி புத்தி குறுக்கே வந்து ஒரு கேள்வி கேட்கிறது. அது உலக யுத்த காலம். பிலிம் சுருள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடே இருந்தது. அந்த ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு. வரத்து குறைந்தால் கடையில் இருக்கும் சரக்கு நின்று விற்கும். ‘ஹரிதாஸ்’ நல்ல படம், பாட்டுகள் இன்றும் இனிக்கின்றன, அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் மூன்று தீபாவளிக் கணக்கில் பாகவதரின் குரலுக்கு எவ்வளவு, யுத்தத் தட்டுப்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அன்றைய ரசிகர் யாரும் துணியவில்லை.

ரசிகர் பேச்சுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. நடிகர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றித் தாறுமாறாக எழுதி விற்ற பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை போய், 1947-இல் விடுதலையானார்கள். எழுதியவரை எல்லோரும் ஏசுகிறோம். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார்? அவர்களும் ரசிகர்கள்தானே. வெளியே வந்த பாகவதர் ‘ராஜமுக்தி’ எடுத்தார். இந்தப் படத்தின் வேலைக்காகத்தான் புதுமைப்பித்தன் நம் பக்கத்துப் புனாவில் வந்து தங்கி, காசநோயோடு ஊர் திரும்பி, 1948 ஜூன் 30-இல் காலமானார். படமும் ஓடவில்லை. பழைய கட்சிக்காரர்களும் வாயடைத்துப் போனார்கள்.

அதற்குள் வாதத்தின் பொருளே மாறிவிட்டது. ‘எப்படிப் பாடினார்’ என்பது போய் ‘எப்படிப் பேசினார்’ என்று ஆயிற்று. ‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942) படங்களுக்கு இளங்கோவன் எழுதிய வசனம் இதற்கு வழி போட்டது. 1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது வெள்ளம் கரை உடைத்தது. கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கதை வசனப் புத்தகமும் வந்து உட்கார்ந்தது. வெளி மாநிலத்தில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சுக்கு அப்பாற்பட்ட தமிழ் காதில் விழுந்தது கட்டபொம்மன் வசன ரிக்கார்டு வழியாகத்தான். ‘ழ’கரத்தைத் திருத்திக்கொண்டது அதைக் கேட்டுத்தான் என்று சொல்பவர்களை இங்கே நானே பார்த்திருக்கிறேன்.

எம்.ஜி.ஆர்., சிவாஜி கட்சிகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இருவரும் சேர்ந்து நடித்த படம் ‘கூண்டுக்கிளி’ (1954) ஒன்றே ஒன்று. அது இரண்டு கட்சிக்கும் ருசிக்கவில்லை. 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்குப் போயிற்று. அந்த விருது சிவாஜிக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு டோம்பிவிலியில் ரயில் ஏறியவர்கள் வி.டி. வரும்வரை பேசுவார்கள்.

ஆனால் நான் நின்று பேச விரும்புவது ஒரே ஒரு பொங்கலைப் பற்றி. 1964 ஜனவரி 14-ஆம் தேதி சிவாஜியின் ‘கர்ணன்’, எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஒன்று பி.ஆர். பந்துலு பெரும்பணம் கொட்டி எடுத்த வண்ணப் படம். மற்றது தேவர் கட்டுச்செட்டாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஐம்பது வருஷம் இந்த வழக்கு நடந்தது. ‘கர்ணன் தோற்றது’ என்று ஒரு கட்சி. ‘தோற்கவில்லை, சென்னையில் நன்றாக ஓடியது’ என்று எதிர்க்கட்சி. ‘எங்கே ஓடியது? சாந்தி தியேட்டரில். சாந்தி யாருடையது?’ என்று கேட்டால் முடிந்தது கதை, ஏனென்றால் அது சிவாஜி குடும்பத்தாரின் தியேட்டர்.

இதில் யார் சொல்வது சரி? ஓடிய நாளை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. மதுரை தங்கம் தியேட்டரில் அன்று 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அங்கே ஐம்பது நாள் ஓடுவதும் 600 பேர் கொட்டகையில் நூறு நாள் ஓடுவதும் ஒன்றா? நாளைப் பெருக்கு, இருக்கையைப் பெருக்கு, பிறகு போட்ட முதலைக் கழி. எந்தப் பேரேட்டிலும் அப்படித்தானே எழுதுவோம்? பெருமுதல் போட்ட படம் நன்றாக ஓடியும் கையைக் கடிக்கலாம். சிறுமுதல் படம் கொஞ்ச நாள் ஓடியே லாபம் கொடுக்கலாம். ‘ஓடியது’ என்பவரும் பொய் சொல்லவில்லை, ‘தோற்றது’ என்பவரும் பொய் சொல்லவில்லை. ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை என்று எங்கள் ஜைன நூல்கள் பேசுவது இதைத்தான். இதற்கு ஸ்யாத்வாதம் என்று பெயர். கேட்பதற்குப் பெரிய தத்துவம், கடைத்தெருவில் தினம் நடக்கிற சங்கதி.

வேடிக்கை என்னவென்றால் இந்த வழக்கு மேல்முறையீட்டுக்கும் வந்தது. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பித்து வெளியிடப்பட்டு நூறு நாளைத் தாண்டியது. வெள்ளை வேட்டியும் நரைத்த தலையுமாகச் சிவாஜி ரசிகர்கள் மீண்டும் மாலை போட்டார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? 2014 மார்ச்சில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்து வெள்ளி விழாவே கொண்டாடியது. அந்தப் படத்தையும் எடுத்தவர் அதே பந்துலுதான், ‘கர்ணன்’ வந்த மறு வருஷம், 1965-இல். இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல்!

பாரதத்தில் யார் பெரியவன் என்ற வாதமும் புதிதல்ல. கன்னடத்தின் ஆதிகவி பம்பன் ஒரு ஜைனர், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். தம் அரசனை அர்ச்சுனனாக வைத்துப் பாரதம் பாடியவர். ஆனால் கர்ணனைப் பற்றிப் பாடும் இடத்தில், பாரதத்தில் நினைக்க வேண்டியவன் கர்ணன்தான் என்று மனம் விட்டுச் சொல்லிவிட்டார். படி அளக்கிறவன் கட்சியில் இருந்துகொண்டே எதிராளியின் பெருமையையும் சொல்வது பெரிய மனசு. ரசிகர்களிடம் நான் தேடிப் பார்த்தது இதைத்தான். கிடைத்தது கொஞ்சம்தான்.

நீலகேசி என்ற எங்கள் தருக்க காப்பியத்தை அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்தார். அதில் நீலகேசி என்ற பெண் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் வாதிடுகிறாள். முதலில் எதிராளி தன் கொள்கையைச் சொல்ல இடம் கொடுப்பாள். பிறகுதான் மறுப்பு. 1980-களில் மாதுங்கா அரோராவில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு டீக்கடையில் நிற்பவர்களிடம் இந்த முறை அறவே இல்லை. எதிராளி வாயைத் திறக்கும்போதே விசில்.

அந்த அரோரா வட்டாரத்தை உலுக்கிய வாதம் ஒன்று உண்டு. 1987 தீபாவளிக்குக் கமலின் ‘நாயகன்’, ரஜினியின் ‘மனிதன்’ இரண்டும் வந்தன. தமிழ்நாட்டில் ‘யார் நடிப்பு உசத்தி’ என்று பேசினார்கள். இங்கே பேச்சே வேறு. ‘இது வரதராஜ முதலியார் கதைதானே? உள்ளபடி எடுத்திருக்கிறார்களா?’ முதலியார் அப்போது உயிரோடு இருந்தார், 1988 ஜனவரியில்தான் காலமானார். அவரால் பலன் அடைந்தவர்களும் இருந்தார்கள், அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இருந்தார்கள். தமிழன் என்றாலே கள்ளச் சாராயம் என்று அக்கம்பக்கத்தார் நினைக்க இந்தப் படம் வழி செய்யும் என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் வருத்தத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தவர்களுக்குத்தான் அது புரியும். தாராவிக்காரர் ஒருவர் சொன்ன விமரிசனம் வேறு மாதிரி: ‘எங்கள் சந்து இவ்வளவு அகலமா ஐயா?’ சரியாகத்தான் பிடித்தார். அந்தத் தாராவி, சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட்.

முப்பத்தொரு வருஷம் கழித்து, 2018-இல், அதே தாராவியை வைத்து ‘காலா’ வந்தது. அதற்கும் பெரும்பகுதி சென்னைக்கு அருகே போட்ட செட்தான். ஆனால் வாதம் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்! ‘ஊருக்கு நல்லது செய்யும் தாதா’ என்ற பேச்சு போய், ‘இந்த நிலம் யாருடையது’ என்ற பேச்சு வந்தது. தாத்தா முதல் படத்துக்குச் சண்டை போட்டார், பேரன் இரண்டாவது படத்துக்குச் சண்டை போடுகிறான். பேரனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. ஆனால் வாதம் தமிழில்தான், நடுநடுவே இந்தியும் மராத்தியும். 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. வந்ததிலிருந்து படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால் இந்தப் பேச்சில் வீட்டுப் பெண்களின் குரலும் சமமாகக் கேட்கிறது என்பது என் கணக்கில் பெரிய லாபம்.

முடிக்குமுன், நடக்க வேண்டியும் நடக்காமல் போன ஒரு வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் ‘பூம்புகார்’ வந்தது. அதில் காவுந்தி அடிகளாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கி ஊரையே பேச வைத்தவர். அந்தப் படத்தில் பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்று கல்கி கிண்டல் செய்ததும் இதே அம்மாள் காலத்துப் பழைய வாதம்தான். காவுந்தி சமணப் பெண்துறவி. கடிஞையும் பீலியும் கையில் ஏந்தி, கோவலன் கண்ணகிக்கு வழித்துணையாக மதுரைக்கு நடந்தவர். எங்கள் துறவி ஒருவர் திரையில் வருகிறார் என்று ஆரணிப் பக்கத்து எங்கள் பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள்.

சுந்தராம்பாளோ முருக பக்தை. தெய்வத்தைக் கேள்வி கேட்பதாக அமைந்த பாட்டு அடி ஒன்றை அவர் பாட மறுத்தார், பிறகு அந்த அடி மாற்றப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘எழுதிக் கொடுத்ததைப் பாடுவதுதானே நடிப்பு’ என்றது ஒரு கட்சி. ‘பக்தியை விட்டுக் கொடுக்காத அம்மாள்’ என்று கையெடுத்துக் கும்பிட்டது மறு கட்சி. பகுத்தறிவுக்கும் பக்திக்கும் நடந்த வழக்காகவே அதை இன்றும் சொல்கிறார்கள்.

காவுந்தி அடிகள் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சமண சமயத்தில் தண்டிக்கிற தெய்வம் என்று ஒன்று கிடையாது. அவரவர் வினை அவரவரிடம் வந்து சேரும், அவ்வளவுதான். வினைப்பயனை யாராலும் தடுக்க முடியாது, விதைத்த வித்து முளைத்தே தீரும் என்று சாரணர் வழியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்ட காவுந்தி, அருகன் சொல்லுக்கு அல்லாமல் என் காது திறக்காது என்கிறார். அப்படிப்பட்டவர், தெய்வம் எங்கே போயிற்று என்றும் கேட்டிருக்க மாட்டார், இதோ வந்துவிட்டது என்றும் சொல்லியிருக்க மாட்டார். கோவலன் இறந்த செய்தி கேட்டதும் காப்பியத்தில் அவர் உண்ணா நோன்பிருந்து உயிரை விடுகிறார்.