கசோவரியும் ஒரு பட்டனும்

போன வருடம் எங்கள் புராஜெக்ட்டில் ஒரு சின்ன கார்டு காம்பொனென்ட். உள்ளே ஒரு படம், இரண்டு வரி எழுத்து, வலது ஓரத்தில் 'சப்மிட்' என்று ஒரு பட்டன். ஆங்கிலத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. தமிழுக்கு மாற்றியதும் 'சமர்ப்பிக்கவும்' பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதுவும் போனில் இல்லீங்க, 1920 பிக்சல் மானிட்டரில். பக்கப் பட்டையில் கார்டுக்குக் கிடைத்த அகலம் 280 பிக்சல்தான். ஆனால் நாங்கள் எழுதிய மீடியா கொயரி திரையின் அகலத்தைப் பார்த்து, இடம் தாராளமா இருக்குன்னு பெரிய லேஅவுட்டைப் போட்டுவிட்டது. வீட்டை அளந்துவிட்டு, பீரோ வைக்கப்போகும் மூலையை அளக்காமல் விட்ட கதை.

இதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன், பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் புரட்டி 1963 வரைக்கும் போய்விட்டேன்.

அந்த வருடம் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் தன் முனைவர் ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைக் கொடுத்தார். லைட் பேனாவால் திரையில் கோணல்மாணலாக நாலு கோடு போடலாம். பிறகு 'இந்த இரண்டும் இணையாக இருக்கணும், அந்த இரண்டும் ஒரே நீளம்' என்று சொன்னால் போதும். புள்ளிகளை எங்கே நகர்த்துவது என்பது கணினியின் வேலை. எப்படி வரைவது என்று சொல்லாமல், என்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வது. 1970களில் ஆலன் போர்னிங் ஜெராக்ஸ் பார்க்கில் ஸ்மால்டாக் மொழியில் திங்லேப் என்ற அமைப்பைக் கட்டி இதே வழியில் நடந்தார்.

அதே போர்னிங்தான் தொண்ணூறுகளில் கிரெக் பாட்ரோஸ், பீட்டர் ஸ்டக்கி, கிம் மாரியட் ஆகியோருடன் சேர்ந்து கசோவரியைக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் பறக்காத பறவையின் பெயர் அது. அடிப்படை, ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் தந்த சிம்ப்ளெக்ஸ் முறை. ஜன்னலை மவுஸால் இழுக்கும் ஒவ்வொரு கணமும் கணக்கை முதலிலிருந்து போடாமல், முந்தைய விடையிலிருந்து தொடரும்படி அதை மாற்றினார்கள். ஆனால் என்னை நிறுத்தியது அந்த வேகம் இல்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பலம் உண்டு என்பதுதான். பட்டன் கார்டுக்குள் இருந்தே தீரணும், இது கட்டாயம். படம் 80 பிக்சலாவது இருந்தால் நல்லது, இது வலுவான ஆசை. பட்டன் ஒரே வரியில் இருந்தால் அழகு, இது மெல்லிய ஆசை. மோதல் வந்தால் மெல்லியது விட்டுக்கொடுக்கும். ஒரு கல்யாண வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை மாதிரிதான்.

1999இல் இந்தக் குழு இதை வெப்புக்கும் கொண்டுவரலாம் என்று ஒரு கட்டுரை எழுதியது. பக்கத்தை வடிவமைப்பவரும் நிபந்தனை போடலாம், படிப்பவரும் போடலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ்ஸை முதன்முதலாக முன்மொழிந்தபோதே, விதிகளுக்குப் பக்கத்தில் சதவீதம் இருந்தது. தலைப்பு எழுத்து இந்த அளவு, என் ஆசை 40 சதவீதம் என்று சொல்லலாம். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் 1 வெளிவந்தபோது சதவீதம் போய்விட்டது, 'இம்பார்ட்டன்ட்' என்ற ஒரே அதட்டல்தான் மிஞ்சியது. எவ்வளவு வேணும் என்று சொல்ல வழியில்லாதபோது எல்லாரும் கத்தத்தான் செய்வார்கள். எந்தப் பழைய ஸ்டைல்ஷீட்டையும் திறந்து பாருங்க, தெரியும்.

ஆப்பிள் கசோவரியை எடுத்துக்கொண்டது. 2011இல் மேக்கிலும் 2012இல் ஐபோனிலும் வந்த ஆட்டோ லேஅவுட் அதுதான். 1000 என்றால் கட்டாயம், 750 வலுவானது, 250 மெல்லியது. வெப் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? பிரவுசர்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கசோவரிக்கு நேர்கோட்டுச் சமன்பாடுகள்தான் தெரியும். ஒரு பத்தியின் அகலத்தைப் பாதியாக்கினால் உயரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதுவும் வரி வரியாகக் குதித்து. அது நேர்கோட்டில் அடங்காது. வெப் என்பது பெரும்பாலும் பத்திகள்தானே.

அதனால் வெப் துண்டு துண்டாக வேறு வழி தேடியது. ஈதன் மார்காட் 2010இல் ரெஸ்பான்சிவ் டிசைன் பற்றி எழுதினார், மீடியா கொயரி பரவியது. பிறகு பிளெக்ஸ்பாக்ஸ். அதன் உள்ளே ஒரு குட்டிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. மிச்ச இடத்தைப் பங்கு போட்டு, குறைந்தபட்ச அளவை மீறிச் சுருங்கும் பெட்டியை அங்கேயே உறையவைத்துவிட்டு, மற்றவற்றுக்கு மறுபடி பங்கு போடும்.

ஆனால் 'நான் இருக்கும் பெட்டி எவ்வளவு அகலம்?' என்று ஒரு காம்பொனென்ட் கேட்பது மட்டும் நடக்காத காரியம் என்றே ரொம்ப நாள் சொன்னார்கள். பெட்டி 400 பிக்சலைத் தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்கு என்கிறோம். எழுத்து சிறிதானதும் பெட்டி சுருங்கி 390 ஆகிறது. உடனே விதி பொருந்தாமல் எழுத்து பெரிதாகிறது, பெட்டி விரிகிறது. முடிவே கிடையாது. கடைசியில் வந்த விடை எளிமையானது: இப்படிக் கேட்கப்படும் பெட்டி, தன் அகலத்தை உள்ளே இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு சுழல் அறுந்தது. 2022 ஆகஸ்டில் குரோம், செப்டம்பரில் சஃபாரி, 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்று கன்டெய்னர் கொயரி எல்லாவற்றிலும் வந்துவிட்டது.

அதை வைத்து என் கார்டை மாற்றினேன். அப்பவும் பட்டன் நீட்டிக்கொண்டுதான் இருந்தது! பிளெக்ஸ்பாக்ஸ் ஒரு பெட்டியை அதன் மிக நீளமான சொல்லுக்குக் கீழே தானாகச் சுருக்காது. 'சமர்ப்பிக்கவும்' ஒரே சொல், உடைக்க இடைவெளி இல்லை. ஓவர்ஃப்ளோ-ராப்பில் 'பிரேக்-வேர்ட்' போட்டேன், அசையவில்லை. 'எனிவேர்' போட்டதும் அடங்கியது. சொல் எங்கே வேண்டுமானாலும் உடையலாம் என்பதை, குறைந்தபட்ச அகலம் கணக்கிடும்போதே சேர்த்துக்கொள்வது இரண்டாவதுதான். இந்த ஒரு வித்தியாசத்துக்கு எனக்கு ஒன்றரை நாள் ஆச்சு.

இப்போது 'சமர்ப்பிக்' மேலே, 'கவும்' கீழே. டிசைனர் முகம் சுளித்தார். ஓலைச்சுவடியில் வரி முடிந்த இடத்தில் சொல்லை உடைத்துத்தானே எழுதினார்கள், நாளிதழ்ப் பத்தியிலும் அப்படித்தானே என்று வாதாடிப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அவரே வந்து 'அனுப்பு' என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன், பொருந்திவிட்டது. 'எனிவேர்' வரியை மட்டும் நான் எடுக்கவில்லை.