ஏடு மாறிய எழுத்து

மதுரையிலிருந்து சோழவந்தானுக்குப் போகும் வழியில், வைகைக் கரையில், திருவேடகம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஞானசம்பந்தர் ஆற்றில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து நீந்தி வந்து கரை சேர்ந்த இடம் அது என்று தல புராணம் சொல்கிறது. நம்புகிறவர்கள் கைகூப்பலாம், நம்பாதவர்கள் புன்னகை செய்துவிட்டுப் போகலாம். ஆனால் சரித்திரம் படிக்கிறவனுக்கு அந்தக் கதையில் ஓர் உண்மை தென்படுகிறது. காலம் என்ற ஆற்றில் விழுந்த ஏடுகளில் பெரும்பாலானவை வெள்ளத்தோடு போய்விட்டன. ஏதோ சில மட்டும் எதிர்நீச்சல் போட்டு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவை எப்படி நீந்தின?

பனையோலைக்கு ஆயுள் கொஞ்சம். பதப்படுத்தி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாலும் இருநூறு முந்நூறு வருஷங்கள் தாங்கினால் பெரிய காரியம். கரையானும் இராமபாணப் பூச்சியும் இலக்கிய ரசனை பார்ப்பதில்லை. அப்படியானால் இரண்டாயிரம் வருஷத்துப் புறநானூறு நம்மிடம் வந்தது எப்படி? ஓர் ஓலை இற்றுப் போவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை வேறோர் ஓலைக்கு மாற்றி எழுதியிருக்கிறார். அது இற்றுப் போவதற்குள் இன்னொருவர் எழுதியிருக்கிறார். பெயர் தெரியாத அந்த எழுத்தாணிக்காரர்களின் வரிசையில் ஒரே ஒருவர், "இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று சோம்பல்பட்டிருந்தால், கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு நமக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

"ஓலைக்குத்தான் இந்தக் கதி; கல்லில் வெட்டினால் அழியாதே!" என்று வாசகர்கள் கேட்கலாம். அதையும் மதுரைக்குப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் என்ற ஊரின் மலைக் குகையில், சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளுக்கு மேலே எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல். ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு அங்கே ஒதுங்கியிருப்பார்கள், எழுத்தைப் பார்த்திருப்பார்கள், படிக்கத்தான் ஆள் இல்லை. 1882-ம் ஆண்டில் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைக் கண்டெடுத்தார். 1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழ் மொழிதான் என்று எடுத்துக் காட்டினார். 1965-ல் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்தார். கல் அப்படியே நின்ற இடத்தில் நின்றது. தமிழ் எழுத்தோ காலப்போக்கில் வடிவம் மாறி மாறி, எங்கோ போய்விட்டது. இடம் பெயராத எழுத்து அழியவில்லை என்பது மெய்தான், ஆனால் ஊமையாகிவிட்டது. பிரதிக்குப் பிரதி ஏறி, அந்தந்தக் காலத்து எழுத்தைத் தரித்துக்கொண்டு வந்த புறநானூறோ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

நூலை மாற்றி எடுத்துச் செல்வதிலே நம் முன்னோர்கள் ஒரு மரியாதையைக் கடைப்பிடித்தார்கள். இறையனார் களவியல் உரையை எடுத்துப் பாருங்கள். மதுரைச் சங்கத்துக் கதையை நமக்குச் சொல்லும் நூல் அதுதான். நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார், அவர் அடுத்தவருக்கு உரைத்தார் என்று ஆரம்பித்து, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரையில் பத்து ஆசிரியர்களின் பெயர்களை அது வரிசையாகக் கொடுக்கிறது. இந்தச் சரக்கு யார் யார் கைமாறி உம்மிடம் வந்தது என்று கேட்பவனுக்கு அது பதில். பாயிரத்தில் ஆக்கியோன் பெயரோடு, நூல் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதிப்பதும் இதனால்தான். நூலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, அதன் பெயரையும் பிறப்பையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வருவது, குழந்தையை எடுத்து வந்து தாய் தகப்பன் பெயரை மறைப்பது போன்ற காரியம்.

மாற்றி எழுதுவது சுலபமான வேலை அல்ல. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்று. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 'எரி' என்றாலும் 'ஏரி' என்றாலும் ஓலையில் ஒரே கோலம்தான். நெருப்பா தண்ணீரா என்பதை இடம் பார்த்துப் படிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும்! இந்தத் தொல்லைக்கு வழி செய்து, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு கொடுத்தவர், மதுரை மிஷனைச் சேர்ந்த இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் என்று சொல்வது வழக்கம். செய்யுளும் உரையும் அடி பிரிக்காமல், சொல் பிரிக்காமல், ஒரே ஓட்டமாக ஓடும். அச்சுக்கு எடுத்துக் கொடுக்கிறவர் ஒவ்வோர் எழுத்திலும் நின்று, இது எந்த எழுத்து என்று நிதானிக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். பிள்ளையவர்களின் கலித்தொகையும் ஐயரவர்களின் சீவக சிந்தாமணியும் 1887-ம் ஆண்டில் வெளிவந்தன. புறநானூறு அச்சானது 1894-ல். தொட்டால் உதிரும் ஓலைகளை வைத்துக்கொண்டு, ஒரு சுவடியில் ஒரு பாடமும் மற்றொன்றில் வேறு பாடமும் இருந்தால் இரண்டையும் வாசகர் கண்ணில் படும்படி வைத்தார் ஐயர். தமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைக்கவில்லை.

அவர் ஏடு தேடிப் போன ஊர்களில் ஒன்று, சங்கரன்கோயிலுக்கு அருகே உள்ள கரிவலம்வந்தநல்லூர். பாண்டிய மன்னர் ஒருவருடைய சுவடிகள் அங்கே கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆவலோடு போனார். ஏடுகள் என்னவாயின என்று விசாரித்தார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது. ஆகமத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறதாம்! ஐயரவர்கள் துடித்துப் போனார். பின்னால் அதற்கு அவர் சொன்ன விளக்கம் நினைவில் வைக்கத் தக்கது. அந்தக் காலத்தில் பழைய ஏட்டைப் பார்த்துப் புதுப் பிரதி எழுதிக்கொண்டு, அதன் பிறகே பழையதை அக்கினிக்குக் கொடுத்தார்கள். அதனால் நஷ்டம் இல்லை. நாளடைவில் அக்கினிக்குக் கொடுப்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். பிரதி எழுதுவதை மறந்துவிட்டார்கள்.

1901-ம் ஆண்டு செப்டம்பர் 14-ம் தேதி பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியதற்கு, இப்படி மறந்துபோன வேலையை ஞாபகப்படுத்துவதும் ஒரு நோக்கம். சுவடிகளைத் திரட்டுவது, நூல்நிலையம் வைப்பது, பழைய நூல்களை அச்சிடுவது எல்லாம் அங்கே நடந்தன. 1902-ல் தொடங்கிய 'செந்தமிழ்' என்ற பத்திரிகை வழியாக எத்தனையோ சிறு நூல்கள் முதன்முதலாக அச்சு மையைக் கண்டன.

தேவரைப் பற்றி மதுரையில் ஒரு கதை உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர், சுகாத்தியர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டவர், திருக்குறளை அச்சிட்டார். எதுகை மோனை சரியாக இல்லை என்று அவருக்குத் தோன்றிய இடங்களில் எல்லாம் வள்ளுவரைத் திருத்திவிட்டார்! தேவர் ஒன்றும் பேசவில்லையாம். பிரதிகள் அத்தனையையும் கைப்பிரதியோடு விலை கொடுத்து வாங்கி, தீ வைத்துக் கொளுத்தினாராம். புத்தகத்தை எரிப்பதைக் கொண்டாட நமக்கு மனம் வராது. ஸ்காட்டும் தமிழின்மேல் ஆசைப்பட்டவர்தான். ஆனால் அந்தக் கோபத்தின் காரணம் நியாயமானது. சுமந்து வருகிறவன் மூட்டையைப் பிரித்து, உள்ளே இருப்பதைத் தன் ருசிக்கு மாற்றி வைக்கக் கூடாது.

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தாயிற்று. இனிக் கவலை இல்லை என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே அடுத்த மாற்றம் வந்துவிட்டது. கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். இந்த எண் வந்தால் 'அ', அந்த எண் வந்தால் 'ஆ' என்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1990-களில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு எழுத்துருவில் 'அ' இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு ஏதோ இருந்தது. ஒரு வீட்டில் எழுதிய கட்டுரையை மற்றொரு வீட்டில் திறந்தால், சிலந்தி மையில் விழுந்து நடந்த மாதிரி கிறுக்கலாகத் தெரியும். மாங்குளத்துக் குகையை ஒவ்வொரு மேஜையின்மேலும் கொண்டுவந்து வைத்தாற்போல் ஆயிற்று!

அந்தக் குழப்பத்தின் நடுவே, 1998-ம் ஆண்டுப் பொங்கல் நாளில், 'மதுரைத் திட்டம்' ஆரம்பமாயிற்று. நடத்தியவர் மதுரையில் இல்லை. சுவிட்சர்லாந்து தேசத்து லோசான் நகரில் இருந்த விஞ்ஞானி முனைவர் கல்யாணசுந்தரம். அமெரிக்காவில் குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் இல்லாமல், ஆபீஸ் வேலை முடிந்த இரவுகளில், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள்; வேறு சிலர் பிழை திருத்தினார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். சங்கம் இருந்த ஊர் என்பதற்காக மதுரையின் பெயரை வைத்தார்கள். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சுச் செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று குறித்தார்கள். கீரங்கொற்றனார் முதல் நீலகண்டனார் வரையில் பெயர் சொன்ன அதே பழைய மரியாதை!

ஆனால் தட்டச்சுச் செய்த எழுத்துருவே பழசாகிப் போகிறதே! முதலில் இருந்த எழுத்துருக்களிலிருந்து திஸ்கி என்ற பொது ஏற்பாட்டுக்கும், அதிலிருந்து உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோட் என்ற ஒருங்குறிக்கும் நூல்கள் மறுபடியும் ஏடு மாற வேண்டியிருந்தது. 2010-ம் ஆண்டில் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இந்த முறை ஏடு மாற்றியது மனிதர் கை அல்ல. அதற்கென்று எழுதப்பட்ட சிறு சிறு மாற்றி நிரல்கள். ஓர் இடத்துக் குவியலை எடுத்து, எண்ணுக்கு எண் மாற்றி, இன்னோர் இடத்தில் கொண்டுபோய் அடுக்கிவிடும்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய எழுத்துருக்கள் நாம் கையால் எழுதுகிற வரிசையில் எழுத்தைச் சேமித்தன. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அப்புறம்தான் உயிர்க்குறி. உயிர்மெய்யில் மெய் முன்னே ஒலிக்கும், உயிர் பின்னே ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் சொன்ன இலக்கணம். கண்ணுக்குத் தெரிகிற வரிசையை விட்டு, காதுக்குக் கேட்கிற வரிசைக்கு யந்திரம் வந்து சேர்ந்தது.

ஆனால் யந்திரத்துக்கு நிதானிக்கத் தெரியாது. ஔகாரத்தின் இரண்டாவது பாதி பார்வைக்கு ளகரம் போலவே இருக்கிறது அல்லவா? அவசரத்தில் பலர் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டுவிட்டார்கள். மாற்றி நிரலும் உள்ளதை உள்ளபடி மாற்றிக் கொடுத்தது. கண்ணுக்கு 'ஒளவையார்' என்று சரியாகத்தான் தெரியும். ஆனால் முறையாக 'ஔவையார்' என்று எழுதித் தேடினால், பல இடங்களில் அந்தக் கிழவி அகப்பட மாட்டாள். எரிக்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஓலைக்கு முன்னால் ஐயரவர்கள் உட்கார்ந்திருந்தாரே, அதே இடத்தில் இன்றைக்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இணையத்தின் ஆரம்ப நாட்களில் ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில், உலகமெங்கும் உள்ளவர்கள் இலவசமாக மனை வாங்கிப் பக்கங்கள் எழுதி வைத்தார்கள். தமிழர்களும் எழுதினார்கள். 2009-ம் ஆண்டு அக்டோபரில் யாஹூ நிறுவனம் அதை மூடிவிட்டது. முன்கூட்டி அறிவித்தார்கள், தன்னார்வலர்கள் ஓடோடிச் சென்று முடிந்த மட்டும் பிரதி எடுத்தார்கள். எழுதியவர் கவனிக்காமல், பிரதி எடுக்க வந்தவர் கண்ணிலும் படாமல் இருந்த பக்கங்கள் போனவைதான். கரிவலம்வந்தநல்லூரில் எரிந்த ஏட்டுக்காவது ஒரு பிடி சாம்பல் மிஞ்சியது. இதற்கு அதுவும் இல்லை.

கல்லோ, ஓலையோ, காகிதமோ, கணினியோ, எழுத்துக்கு எதுவும் சொந்த வீடு அல்ல. எல்லாம் வாடகை வீடுதான். காலி செய்யும் நாள் கட்டாயம் வரும். உங்கள் வீட்டிலேயே இருபது வருஷத்துக்கு முன் யாரோ தட்டச்சுச் செய்து வைத்த ஒரு கதையோ, தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்போ, இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிற ஏதோ ஒன்று இருக்கக் கூடும். எழுதியவர் பெயரையும், எழுதிய தேதியையும், எங்கிருந்து எடுத்தது என்ற விவரத்தையும் சேர்த்து, அதை இன்றைய எழுத்துக்கு மாற்றி வையுங்கள். மாற்றியதைப் பழையதோடு ஒப்பிட்டு ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். பழையதைத் தூக்கிப் போடுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.